சத்திரத்தில்கூடச் சொல்லிவிடுவார்கள்!

ஆராதனைக்குப் பதினைந்து நாள் முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும். அப்பா காலத்திலிருந்து எங்கள் திருவையாற்று வீட்டில் இது சட்டம். பகுள பஞ்சமி நெருங்கினால் யார் யாரோ வந்து இறங்குவார்கள். சென்னையிலிருந்து சித்தப்பா, பெங்களூரிலிருந்து அத்தை, அத்தைக்குப் பின்னாலேயே வயலின் பெட்டியோடு ஒரு பையன். அந்தப் பையன் யார் என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஐந்து நாள் பந்தலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அசோகா அல்வா பொட்டலத்தோடு கிளம்பிப் போவான். அவனை யாரும் 'நீ யார், என்ன ஆதாரம் வெச்சிருக்கே' என்று கேட்டதில்லை.

இந்தமுறை பெயிண்ட் அடிக்க மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் சாரத்தில் நின்று பட்டி பார்ப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவ்வளவு சுத்தமான கை. மூன்றாம் நாள் சாயந்திரம், முன்பக்கச் சுவர் பாதி பாக்கி இருக்கும்போதே இறங்கி பிரஷ்ஷைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் தம்பி, ராத்திரி இங்கேயே தங்கிடேன். காலைல வெள்ளனவே முடிச்சிடலாமே?"

"ஏலாது அண்ணா. நாளைக்கு முகாம்ல செக்கிங். ஆள் நிக்காட்டி காசு நின்னுடும்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம். தஞ்சாவூர் போய் பஸ் மாறிப் போக வேண்டும். சிலோனில் எந்த ஊர் என்று கேட்டேன். "அம்மா அப்பா மன்னார் பக்கம். நான் சிலோனைப் பார்த்ததே இல்லை அண்ணா. பிறந்தது ராமேஸ்வரம் பெரியாஸ்பத்திரி."

"எந்த வருஷம்?"

"எண்பத்தாறு."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "தம்பி, நீ இந்தியக் குடிமகன். உனக்குத் தெரியுமா?"

முதலில் சிரித்தார். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு சிரிப்பு நின்றது. அடுத்து அவர் செய்த காரியத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "யார் அண்ணா சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். அதற்காகத்தான் இந்த வாரம் உங்களைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன்.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு என்ன சொல்கிறது? 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்த எந்தக் குழந்தையும் இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள். அப்பா யார், அம்மா யார், எந்தப் படகில் வந்தார்கள் என்ற கேள்வியே கிடையாது. வெளிநாட்டுத் தூதர் பிள்ளை, எதிரி நாட்டான் பிள்ளை என்று ஓரிரு விலக்குகள் மட்டும் உண்டு. மனு வேண்டாம், சிபாரிசு வேண்டாம், அமைச்சர் கருணை வேண்டாம். பிறந்த நிமிஷமே குடிமகன்.

இது நான் வியாக்கியானம் பண்ணிச் சொல்வதல்ல. மண்டபத்தில் 1986-ல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டார். கொடுக்க மறுத்தார்கள். வழக்குப் போட்டார். 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அந்தப் பெண் ஓட்டும் போட்டார். பேப்பரில் படம் வந்தது. நாமும் பார்த்து 'அடடே' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டினோம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பத்தாறு வருஷம் ஒரு பெண்மணி தன் சொந்த நாட்டில் அகதியாக வரிசையில் நின்றிருக்கிறார். அவரிடம் ஒவ்வொரு மாதமும் கையெழுத்து வாங்கிய அதிகாரிகள் எத்தனை பேர்? அந்தப் பதிவேட்டில் பிறந்த தேதியும் பிறந்த இடமும் எழுதித்தானே இருந்தது? ஒருவருக்காவது 'அம்மா, நீ இந்த வரிசையிலேயே நிக்க வேண்டியதில்லை' என்று சொல்லத் தோன்றவில்லையா?

நான் சரபோஜி காலேஜில் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த உலகத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். பேங்க்கில் நீங்கள் போட்டு மறந்துபோன டெபாசிட்டைப் பத்து வருஷம் யாரும் தொடவில்லை என்றால், அது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் தனி நிதிக்குப் போய்விடும். அப்போதும் பணம் உங்களுடையதுதான். எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். 'உங்கள் பணம் இங்கே கிடக்கிறது, வந்து பாருங்கள்' என்று சொல்ல 2023-ல் 'உத்கம்' என்று ஓர் இணையதளமே திறந்தார்கள். எழுநூறு ரூபாய்க்கும் தேடலாம். சபாஷ். பணத்துக்கு இவ்வளவு அக்கறை எடுக்கிற இந்த தேசத்தில், ஒரு மனுஷனின் குடியுரிமை கேட்பாரில்லாமல் கிடந்தால் அவனைத் தேடிச் சொல்ல யாருக்கும் கடமை இல்லை!

1983 ஜூலைக் கலவரத்திலிருந்து 1987 ஜூலை ஒப்பந்தம் வரை தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 1,34,053 பேர். அரசுக் கணக்கு. அந்த நாலு வருஷத்தில் அவர்களுக்கு இங்கே குழந்தையே பிறக்கவில்லையா? பலர் திரும்பிப் போயிருப்பார்கள், வாஸ்தவம். மிச்சம் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு விஷயம் தெரியும்? 2021-ல் முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர், வெளியே போலீஸில் பதிந்துகொண்டு 34,087 பேர். அந்த அறிவிப்பில் வீடு வந்தது, மாதப் பணம் உயர்ந்தது, கேஸ் அடுப்பு வந்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரே போய் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. குடியுரிமை பற்றி ஆராய ஒரு குழுவும் போட்டார்கள். குறை சொல்ல மாட்டேன், எல்லாம் நல்ல காரியம். ஆனால் போர்டை மாற்றி எழுதியபோது, அதன் கீழேயே நாலு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். 'உங்களுக்கு இன்னின்ன உரிமை இருக்கிறது. சந்தேகம் என்றால் வெளியே இன்னாரைப் போய்க் கேட்கலாம்.' பெயிண்ட் செலவு ஐந்நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது.

'வெளியே' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

அன்று சாயந்திரம் நான் சட்டத்தைச் சொன்னதும் நம் பெயிண்டர் சந்தோஷப்பட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. பயந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள். "நான் இந்தியன் எண்டு எழுதிக் குடுத்தா முகாம் வீட்டைப் புடுங்கிடுவாங்களா அண்ணா? மாசக் காசு நின்னுடுமா? என் மனிசி தொண்ணூறுல படகுல வந்தவ. அவ அகதி, நான் இந்தியனா? பிள்ளையள் யார் பக்கம்? அம்மாவை மட்டும் திருப்பி அனுப்பிடுவாங்களா?"

ஒரு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. 1987 ஜூலைக்கும் 2004 டிசம்பருக்கும் இடையில் பிறந்த பிள்ளை என்றால், பெற்றவர்களில் ஒருவர் இந்தியராக இருந்தாலே போதும். அதற்குப் பிறகு பிறந்தது என்றால் சட்டம் மாறிவிட்டது. ஒருவர் இந்தியராக இருந்து மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் கதவு சாத்தியாகிவிட்டது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்த மனைவிக்கு அந்த வார்த்தை பொருந்துமா, பொருந்தாதா? இது வக்கீல் சமாச்சாரம். எனக்குப் பாதி தெரியும், அவருக்கு முழுக்கத் தெரியாது. பாதி தெரிந்தவன் சொல்லும் யோசனை முழுக்கத் தெரியாததைவிட ஆபத்து என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

சரி, அவர் யாரைப் போய்க் கேட்பார்? முகாமுக்கு வரும் வருவாய்த்துறை அதிகாரியையா? மாதப் பணத்தைக் கொடுக்கிறவரே அவர்தான். கியூ பிராஞ்ச் போலீஸையா? முகாமை விட்டு யார் போகிறார், யார் வருகிறார் என்று பார்க்கிறவர் அவர். இவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனுஷர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கம்பெனியின் கணக்கை அந்தக் கம்பெனி கேஷியரே ஆடிட் செய்ய முடியுமா? முதல் வருஷ பி.காம். மாணவன்கூட முடியாது என்பான். கேஷியர் யோக்கியரா இல்லையா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. வெளியாள் வேண்டும். அவ்வளவுதான். உங்கள் சோறும் கூரையும் யார் கையில் இருக்கிறதோ, அவரிடமே போய் 'எனக்கு உங்களை எதிர்த்து என்னென்ன உரிமை இருக்கு சார்' என்று கேட்க உங்களுக்கு வாய் வருமா?

ஒருதரம் இவர் ஒரு தாலுகா ஆபீஸுக்கு ஏதோ சான்றிதழ் கேட்டுப் போயிருக்கிறார். எந்த ஊர் என்பது வேண்டாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில்: "அகதிக்கெல்லாம் அது கிடையாதுப்பா." என்ன கேட்டார் என்பதைக்கூட அவர்கள் முழுசாகக் கேட்கவில்லை. அன்றைக்கே திரும்பி வந்தவர்தான். அதன்பிறகு எந்த ஆபீஸுக்கும் போகவில்லை.

'கிடையாது' என்று சொன்னவருக்குச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். நமது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு உயிருக்கும் சுதந்திரத்துக்கும் கொடுக்கும் பாதுகாப்பு 'குடிமகனுக்கு' என்று எழுதப்படவில்லை. 'எந்த நபருக்கும்' என்றுதான் எழுதியிருக்கிறது. 1996-ல் அருணாசலப் பிரதேச சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. குடிமகனோ இல்லையோ, ஒவ்வொரு மனிதனின் உயிரையும் காக்க அரசு கடமைப்பட்டது. 22-வது பிரிவில், கைதானவர் தனக்குப் பிடித்த வக்கீலைக் கலந்து பேசலாம் என்று இருக்கிறது. அங்கேயும் 'நபர்'தான். எதிரி நாட்டானையும் தடுப்புக் காவலில் இருப்பவரையும் மட்டும்தான் அந்தப் பிரிவு விலக்கி வைக்கிறது. 1987-ஆம் ஆண்டு இலவச சட்ட உதவிச் சட்டம் யாருக்கெல்லாம் வக்கீல் கொடுக்கச் சொல்கிறது? பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள். அந்தப் பட்டியலிலும் 'இந்தியர்' என்ற நிபந்தனையைத் தேடிப் பார்த்தேன். காணோம்.

இதையெல்லாம்விட முக்கியமானது 1986-ல் வந்த சுக் தாஸ் வழக்குத் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. நீதிபதி பகவதி அமர்வு அதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் ஏழைக்கு உரிமை இருப்பதே தெரியாது, தெரியாதவன் எப்படிக் கேட்பான், கேட்கவில்லை என்பதற்காக மறுக்காதே, நீயே சொல். இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அது கிரிமினல் வழக்கு, கோர்ட்டில் நிற்கிறவனுக்குச் சொன்னது என்பீர்கள். இருக்கட்டும். திருட்டுக் கேஸில் நிற்கிறவனுக்குச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. ஒரு தப்பும் செய்யாமல் முகாமில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லையா?

சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே பழைய கதை இருக்கிறது. 1992 ஜனவரியில் அகதிகளைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். ராஜீவ் காந்தி கொலை முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தமிழ்நாடே அவர்களை முறைத்துக்கொண்டிருந்த நேரம். விருப்பப்பட்டுத்தான் போகிறார்கள் என்று அரசு சொன்னது. அந்த 'விருப்ப'ப் படிவத்தை ஆங்கிலத்தில் நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று புகார் கிளம்பியது. பழ. நெடுமாறனும் டாக்டர் ராமதாஸும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். மன்னார் மீனவனுக்கு ஆங்கிலத்தில் விருப்பமாம்! அந்த வருஷம்தான் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் அலுவலகம் வைக்க டெல்லி சம்மதித்தது. நிஜமாகவே விரும்பித்தான் போகிறாயா என்று கேட்க ஒரு வெளியாள் வேண்டியிருந்தது. 1995 வரைக்கும் ஏறத்தாழ 54 ஆயிரம் பேர் போனார்கள். அதே வருஷங்களில் தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போக முடியாதபடி கதவைச் சாத்தினார்கள். வெளியாள் வேண்டாம் என்று அதிகாரம் எப்போது சொல்கிறதோ, அப்போதுதான் வெளியாள் அவசியம்.

வெளியாள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். அகதிகளே அகதிகளுக்காக நடத்துவது. முகாம் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பதையே ஒரு வேலையாகச் செய்தார்கள். துண்டுக் காகிதம்தானே என்று தோன்றும். அது இல்லாதவனுக்கு இரண்டு நாட்டிலும் ஊர் இல்லை.

இன்னொரு விஷயம். சர்க்கார் யோசனை சொல்லாத இடத்தில் யோசனை சொல்ல ஆளே இருக்காது என்று நினைக்காதீர்கள். ஏஜென்ட் இருப்பான். அவன் நல்ல தமிழில், அன்பாக, டீ வாங்கிக் கொடுத்துச் சொல்வான். 'இங்க உனக்கு ஒண்ணும் கிடையாது தம்பி. கனடா போயிடு.' நகையை விற்றுப் படகு ஏறுவார்கள். 2021 அக்டோபரில் அப்படி ஒரு மீன்பிடிப் படகு 89 பேரோடு இந்துமகா சமுத்திரத்து நடுவே ஓட்டை விழுந்து தத்தளித்தது. கொண்டுபோய்ச் சேர்த்த இடம் டியேகோ கார்சியா. பிரிட்டிஷ் தீவு, அமெரிக்க ராணுவத் தளம். படகில் இருந்தவர்களில் நம் தமிழ்நாட்டு முகாமில் வாழ்ந்தவர்களும் உண்டு. வேலி போட்ட இடத்தில் டெண்டில் மூன்று வருஷம். அவர்களை மீட்டது எது தெரியுமா? லண்டன் வக்கீல்களோடு அவர்களுக்குக் கிடைத்த தொடர்பு. 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்து உச்ச நீதிமன்றம் அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு எழுதியது. அதே மாதம் பெரும்பாலானவர்கள் பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

ஐரோப்பியர்கள் பெரிய யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மத்தியதரைக் கடலில் எத்தனை படகுகளைக் கவிழவிட்டுக் கைகட்டி நின்றார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். ஆனாலும் 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட ஒரு விதியை மட்டும் காப்பியடிக்கலாம். தஞ்சம் கேட்டு ஒருவர் மனுக் கொடுத்தால், அதிகபட்சம் பதினைந்து நாளைக்குள் அவருக்கு என்ன கிடைக்கும், என்ன கடமை உண்டு, சட்ட உதவி தரும் வெளி அமைப்புகள் எவை என்று சொல்லியாக வேண்டும். எழுத்தில் சொல்ல வேண்டும். முடிந்தவரை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

அங்கே பதினைந்து நாள். இங்கே நாற்பது வருஷம். மொழிப் பிரச்சினைகூட இல்லை சார்! உலகத்திலேயே அகதிக்கும் அதிகாரிக்கும் ஒரே தாய்மொழி இருக்கிற இடங்கள் எத்தனை இருக்கும்?

போன செப்டம்பரில், அதாவது 2025-ல், பழைய வெளிநாட்டினர் சட்டம் போய்ப் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. கூடவே ஒரு விலக்கு ஆணை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காகத் தண்டனைப் பிரிவு பாயாது. குடியுரிமை இல்லை, அது வேறு. ஆனாலும் முப்பத்தைந்து வருஷமாக 'சட்டவிரோதம்' என்று தலைக்குமேல் தொங்கிய கத்தி கொஞ்சம் மேலே போயிருக்கிறது. நம் பெயிண்டரின் மனைவிக்கு இது பொருந்தும். தெரியுமா என்று கேட்டேன். டி.வி.யில் என்னவோ சொன்னார்களாம். குடியுரிமை கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு கோஷ்டியும், எல்லாரையும் அனுப்பப் போகிறார்கள் என்று இன்னொரு கோஷ்டியும் முகாமில் சண்டை போட்டுக்கொண்டார்களாம். கெஜட் இந்தியிலும் இங்கிலீஷிலும் இருக்கிறது. முகாம் தமிழில் இருக்கிறது.

'நம்மூர் ஏழைக்கே இலவச வக்கீல் இருக்கறது தெரியாது. அகதிக்கு என்ன அவசரம்?' என்று கேட்கும் வாசகர் ஒருவர் இந்நேரம் பேனாவை எடுத்திருப்பார். நியாயமான கோபம். ஆனால் நம்மூர் ஏழைக்கு ஓட்டு இருக்கிறது. கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடலாம். சாலை மறியல் பண்ணலாம். முகாமில் இருப்பவர் மறியலுக்கு உட்கார்ந்தால் மறுநாள் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 'பாதுகாப்பு' என்று இன்னொருவர் ஆரம்பிப்பார். ஒரு மனுஷனிடம் 'உனக்கு வக்கீல் உண்டு' என்று சொல்வதால் எந்தக் கதவு உடைந்து போகிறது? கண்காணிக்கிறவர்கள் கண்காணித்துக்கொண்டே இருக்கட்டுமே.

நம் தலைவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈழத் தமிழருக்காகத் தீக்குளிப்பேன் என்று மேடையில் சொன்னவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. தொப்புள்கொடி உறவு என்று அடித்த போஸ்டரை எல்லாம் பிரித்து ஒட்டினால் கல்லணையிலிருந்து பூம்புகார் வரைக்கும் வரும். அதில் ஒரே ஒரு போஸ்டரில், சின்ன எழுத்தில், '1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் இந்தியக் குடிமக்கள், சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்' என்று அச்சடிக்க யாருக்கும் மனசு வரவில்லையே!

2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஊருக்கு அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று வந்தவர். தண்டனைக் காலம் முடிந்தவர். உலகத்து அகதிகளை எல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா ஒன்றும் தர்ம சத்திரம் இல்லை என்ற பொருளில் அப்போது பெஞ்ச்சிலிருந்து ஒரு கருத்து வந்தது. தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் 'சத்திரம்' என்ற சொல்லைக் கேட்டதும் தஞ்சாவூர்க்காரனுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

ஏனென்றால் இது சத்திரங்களின் ஜில்லா. ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. சத்திரச் சொத்துக்களைப் பார்த்துக்கொள்ள தஞ்சாவூர் கலெக்டருக்குக் கீழே தனி நிர்வாகமே உண்டு. எங்கள் ஊர் அரசர் கல்லூரியே சத்திரத்துச் சோற்றில் வளர்ந்ததுதான். எல்லாம் எதற்காகக் கட்டினார்கள்? பெரும்பாலும் ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களுக்காக. வருகிறவனுக்குச் சாப்பாடு, நோயாளிக்கு வைத்தியம். ராமேஸ்வரம் போகிறவனுக்கு அன்று கட்டிப் போட்டோம். ராமேஸ்வரத்திலிருந்து வருகிறவனுக்கு இன்று 'இது சத்திரம் இல்லை' என்கிறோம். சரி, சத்திரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சத்திரத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. படியேறினவுடன் மணியக்காரர் சொல்லிவிடுவார்: இத்தனை நாள் தங்கலாம், பந்தி இத்தனை மணிக்கு, வைத்தியர் அந்தப் பக்கம். நாற்பது வருஷம் தங்கவைத்து ஒன்றுமே சொல்லாத சத்திரத்தை எங்கள் ராஜாக்கள் யாரும் கட்டியதில்லை.

எங்கள் ஊர்க் கதைதான் ஞாபகம் வருகிறது. கைலாயம் பார்க்கப் புறப்பட்ட அப்பர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டு புரண்டு போய்க்கொண்டிருக்கிறார். ஒரு பெரியவர் எதிரே வந்து, இந்த உடம்போடு உன்னால் அங்கே போக முடியாதப்பா, இந்தக் குளத்தில் முங்கு, திருவையாற்றில் எழுந்திருப்பாய், அங்கேயே பார்க்கலாம் என்று சொல்கிறார். அப்பருக்கே வழி சொல்ல ஒருத்தர் வரவேண்டியிருந்தது.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஒவ்வொரு முகாம் வாசலிலும் ஒரு போர்டு. 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பற்றி ஒரு வரி. பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் கோட்டாட்சியர் மூலம் இப்போதும் பதியலாம் என்று ஒரு வரி. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வக்கீல் இலவசம், 15100 என்று ஒரு வரி. அங்கே போவதால் மாதப் பணமும் வீடும் போகாது என்று கலெக்டர் கையெழுத்தோடு ஒரு வரி. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் மற்ற மூன்றையும் யாரும் படிக்கமாட்டார்கள். கூடவே மாதம் ஒருநாள், அரசாங்கச் சம்பளம் வாங்காத ஒரு வக்கீல் முகாமுக்குள் வந்து ஒரு நாற்காலி போட்டு உட்காரட்டும். அந்த நேரத்தில் ஆர்.ஐ.யும் கியூ பிராஞ்ச்சும் வாசலுக்கு வெளியே டீ சாப்பிடட்டும்.

நம் பெயிண்டர் செக்கிங் முடிந்து மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லையாம். பிளாஸ்டிக் கவரில் ஒரு காகிதம் கொண்டுவந்திருந்தார். ராமேஸ்வரம் ஆஸ்பத்திரிச் சீட்டு, மடிப்பில் கிழிந்தது. தேதி தெரிகிறது. அம்மா அதை நாற்பது வருஷமாகச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம், எதற்கு என்று தெரியாமலே. தஞ்சாவூர் கோர்ட்டுக்கு வரும் வியாழக்கிழமை கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் தம்பியும் அக்காள் புருஷனும் வருகிறார்களாம்.

மிச்சச் சுவரை அடித்துக்கொண்டே போர்டு யோசனையைக் கேட்டார். சாரத்தின் மேலிருந்து குனிந்து சொன்னார்:

"எழுத்து நானே எழுதுவேன் அண்ணா. ஆனா எனாமல்ல எழுதணும். இந்த எமல்ஷன் ரெண்டு மழைக்கு நிக்காது."